அடுத்து என்ன என்று தெரியாதபோது எரேமியா 29:11-ஐ எப்படி வாசிப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். வயது 36. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தீர்கள், ஆள் குறைத்தபோது உங்களையும் நிறுத்திவிட்டார்கள். ஓமனில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது. அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். புதுவருட ஆராதனையில் நீங்கள் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது வருடத்துக்கு ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டையில், வந்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11, கர்த்தர் உங்களைப் பற்றி நினைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற வசனம். அப்புறம் ஜெபக்கூட்டத்துக்குப் பிரசங்கம் பண்ண வந்த ஒரு ஊழியர் உங்கள் தலையில் கைவைத்து, மூன்று மாதத்தில் கதவு திறக்கும், அதுவரை அசையாதே என்று சொல்லியிருக்கிறார். அந்த மூன்று மாதம் முடிவதற்குள் ஓமன்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'தேவசித்தம் எது என்று தெரியவில்லை, தெரியாமல் எப்படி நம்பிக்கையோடு இருப்பது' என்பது உங்கள் கேள்வி.

நேரடியாகவே சொல்கிறேன், ஓமனுக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்கு எரேமியா 29:11-இல் பதில் கிடையாது. அட்டை எடுத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை, டிசம்பர் 31 ராத்திரி நானும் வரிசையில் நின்று எடுக்கிறவன்தான். ஆனால் அட்டையில் ஒரு வசனம்தான் பிடிக்கும். அதற்கு முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது, அதைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அட்டையில் வராது. அதையும் சேர்த்து வாசித்தால் அந்த வசனம் உங்கள் நிலைமைக்கு இப்போது தெரிவதைவிட இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற விதத்தில் இல்லை.

அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். 18 வயதில் பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம் ஆண்டிருந்த யோயாக்கீன் ராஜாவையும், அவன் தாயையும், பிரதானிகளையும், தச்சர்களையும் கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். பத்தாயிரம் பேர் என்கிறது இரண்டாம் ராஜாக்கள். கைத்தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினான், ஏழைகளை ஊரிலேயே விட்டான். எருசலேம் அப்போது இன்னும் இடியவில்லை, ஆலயம் இருந்தது, சிதேக்கியா என்று ஒரு ராஜாவையும் அவனே உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தான். அதனால் போனவர்களுக்கு இது கொஞ்ச நாள் கஷ்டம், சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நினைப்புக்கு எண்ணெய் ஊற்ற ஆள் இல்லாமலா போகும்? எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வரும், ராஜாவும் வருவான், ஆலயத்துப் பாத்திரங்களும் வரும் என்று கர்த்தருடைய பெயரிலேயே அடித்துச் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மரநுகம் போட்டுக்கொண்டு திரிந்துகொண்டிருந்தார், அதைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். கூட்டம் யார் பக்கம் இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்.

இதில் நான் எப்போதும் நின்று பார்க்கிற இடம் எரேமியா நடந்துகொண்ட விதம். முதலில் அவர் 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்கிறார். கிண்டல் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவருக்கும் அது நடந்தால் நல்லதுதானே. சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியைக் கர்த்தர்தான் அனுப்பினார் என்பது, சொன்னது நடக்கும்போது தெரியும் என்று மட்டும் கூடவே சொல்கிறார். நுகத்தை உடைத்த பிறகு அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை, தன் வழியே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறது. அந்த நிமிஷத்தில் அவரிடம் பதில் இல்லை. கர்த்தருடைய வார்த்தை பிறகுதான் வந்தது, மரநுகம் போய் இரும்புநுகம் வரும் என்று. அனனியா அந்த வருடமே ஏழாம் மாதத்தில் இறந்துபோனான்.

உங்களுக்கு 'மூன்று மாதம்' சொன்ன ஊழியரை அனனியா என்று சொல்கிறேனா? இல்லை, எனக்கு அவரைத் தெரியாது. ஆமென் சொல்லிக்கொள்ளுங்கள், நடந்தால் சந்தோஷம். ஆனால் அவர் சொன்ன கணக்கை நம்பி ஒரு வேலையை விடுவதும் ஒரு முடிவுதான், அது வெறும் காத்திருப்பு கிடையாது. தவணை தாண்டிப்போனால் விளைவு உங்கள் வீட்டில், அவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போயிருப்பார்.

சரி, கடிதத்துக்கு வருவோம். 29-ஆம் அதிகாரம். சிதேக்கியாவின் தூதர்கள் இரண்டு பேர் பாபிலோனுக்குப் போகும்போது எரேமியா அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினது. சாரம் இதுதான்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், பிள்ளை பெறுங்கள், குறைந்துபோகாதிருங்கள். உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாயிருந்தால் நீங்களும் நன்றாயிருப்பீர்கள். உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் சொல்வதைக் கேட்டு ஏமாறாதிருங்கள். அப்புறம் பத்தாம் வசனம், பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறின பின்பு உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன். அதற்கு அடுத்ததுதான் நம் அட்டை வசனம்: '...நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.'

எழுபது வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிதம் வாசிக்கப்பட்ட அன்றைக்கு உங்கள் வயதில் ஒருவன் அங்கே நின்றிருந்தால், எழுபதை முழுசாக எண்ணினால் அவன் திரும்பும்போது 106. அந்தக் காலக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதில் வேத அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு, அது இங்கே முக்கியமில்லை. பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசின் கையில் விழுந்தது கி.மு. 539-இல், அதாவது இவர்கள் கொண்டுபோகப்பட்டு 58 வருடம் கழித்து. எப்படி எண்ணினாலும் அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்க்கவில்லை. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று கர்த்தர் சொன்னது இவர்களைப் பார்த்துத்தான். பாபிலோனிலேயே செத்து, பாபிலோனிலேயே புதைக்கப்படப் போகிறவர்களிடம் சொன்னார். அதைக் கேட்டு அல்லேலூயா சொன்னார்களா?

சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கிருந்து செமாயா என்ற ஒருவன் எருசலேமிலுள்ள ஆசாரியனுக்குப் பதில் கடிதம் போடுகிறான்: இந்த எரேமியா நாள் செல்லும், வீடு கட்டுங்கள் என்று எழுதி அனுப்புகிறான், ஏன் இவனைப் பிடித்துத் தொழுமரத்தில், அதாவது கைகால்களை மாட்டிவைக்கிற தண்டனைக் கட்டையில், போடாமல் இருக்கிறீர்கள்? நாம் இன்றைக்குக் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிற வசனத்துக்கு முதன்முதலில் வந்த எதிர்வினை ஒரு புகார்க் கடிதம். இதை நான் பைபிள் வகுப்பில் சொல்லும்போது ஒரு சிரிப்பு எழும், பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

ஆனால் கட்டினார்கள். பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் யோயாக்கீன் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது, பெயரோடு. இன்னொரு தொகுதிப் பலகைகள் இன்னும் சுவையானவை. பாபிலோனியக் கிராமப்புறத்தில் 'யூதா நகர்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு குடியிருப்பே இருந்திருக்கிறது. கி.மு. 572-இல் தொடங்கிச் சுமார் நூறு வருடத்துக் குத்தகைச் சீட்டும், வரி ரசீதும், வாற்கோதுமைக் கடனும், பேரீச்சம்பழக் கணக்கும் அவற்றில் இருக்கின்றன. மனிதர்களின் பெயர்களில் கர்த்தருடைய நாமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரிசனம் ஏதும் அவற்றில் கிடையாது, இத்தனை மரக்கால் தர வேண்டியது, இன்னார் சாட்சி, அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் ஐந்தாம் வசனத்துக்குக் கீழ்ப்படிந்தால் அது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் நான் அந்த ரசீதுகளைத்தான் காட்டுவேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் திரும்பிவந்தார்கள். திரும்பிவர ஒரு ஜனம் மிச்சமிருந்ததே இவர்கள் மூட்டையை அவிழ்த்ததால்தான்.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று. எழுபது வருடம் கழித்து என்ன செய்வார் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் வீடு, தோட்டம், கல்யாணம், ஜெபம் என்று வரிசையாகச் சொன்னார். நாம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிற அந்த மூன்று மாதம், ஆறு மாதத்துக் கணக்கு, அதை அவர் பெரும்பாலும் தருவதில்லை. ஏன் என்று எனக்கும் கோபம் வந்ததுண்டு.

இனி நிலம் வாங்கின கதை. 32-ஆம் அதிகாரம், எனக்கு வேதத்திலேயே மிகவும் பிடித்த பத்திரப்பதிவு. பத்து வருடம் கழித்து நேபுகாத்நேச்சார் மறுபடி வந்து எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறான். மற்ற அரணான பட்டணங்கள் விழுந்து, லாகீசும் அசெக்காவும் மட்டும் மிச்சம் என்று 34-ஆம் அதிகாரம் சொல்கிறது. 1935-இல் லாகீசில் தோண்டியபோது மையால் எழுதின மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அதில் வெளியே காவல் முனையில் இருந்த ஒரு படை ஆள், லாகீசின் தீ அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறான். அப்படி ஒரு சமயம். எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அப்போது அப்பாவின் சகோதரர் சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான் என்கிறான்.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கில் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்குள் அது கல்தேயரின், அதாவது பாபிலோன்காரர்களின், கையில். வாங்கப் போகிற நிலத்தில் எதிரியின் படை. போதாததற்கு ஆனதோத்துக்காரர்கள் ஒரு சமயம் இவரைக் கொல்லவே திட்டம் போட்டவர்கள், சொந்த ஊர்க்காரர்கள். அந்த நிலத்துக்கு 17 சேக்கல் வெள்ளி, கிட்டத்தட்ட 200 கிராம், நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்திருக்கிற பிரதி ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, வெகுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டுவை என்கிறார். நம்பிக்கை என்றவுடன் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம், இவர் இரண்டு பிரதி எடுத்து வைக்கிறார்.

இந்த அதிகாரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. அனாமெயேல் வருவான் என்று கர்த்தர் முன்கூட்டியே எரேமியாவுக்குச் சொல்லியிருந்தார். ஆனால் அனாமெயேல் வந்து நின்று அதே வார்த்தையைப் பேசின பிறகுதான், இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன் என்கிறார். நாற்பது வருட அனுபவமுள்ள தீர்க்கதரிசிக்கே உள்ளே கேட்டது கர்த்தருடைய சத்தம்தானா என்பது வெளியே ஒரு ஆள் வந்து நின்றபோதுதான் உறுதியானது. அப்படியிருக்க, 'உள்ளத்தில் சமாதானம் வருகிறதா பாருங்கள், வந்தால் அதுதான் சித்தம்' என்று நம் ஆட்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எரேமியாவுக்கு அந்த மாதிரி சமாதானம் பாதி நாள் இருந்ததில்லை, பிறந்த நாளையே சபித்திருக்கிறார், 20-ஆம் அதிகாரம் படியுங்கள். சில பேருக்கு பயம் போய் மனது அமைதியாவது நல்ல சாப்பாடும் தூக்கமும் கிடைத்தாலே நடக்கும்.

இரண்டாவது, பத்திரம் முடிந்த பிறகு அவர் பண்ணுகிற ஜெபம். உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்குகிறார், சிருஷ்டிப்பு, எகிப்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மனதில் இருப்பது வெளியே வந்துவிடுகிறது: பட்டணம் கல்தேயர் கையில் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொல்லுகிறீரே! சந்தேகம் அவருக்கும் இருந்தது. வெள்ளியை நிறுத்துக் கொடுத்த பிறகு கேட்டார், கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கவில்லை. கர்த்தரும் அதட்டவில்லை. என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ என்று அவர் சொன்னதையே அவரிடம் கேள்வியாகத் திருப்புகிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும், அதற்குத்தான் இது. அந்த நிலத்தில் எரேமியா ஒரு நாளாவது ஏர் ஓட்டினதாக வேதத்தில் ஒரு வரி இல்லை.

உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான இடம் ஒன்று இருக்கிறது, பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். 40-ஆம் அதிகாரம். எருசலேம் விழுந்துவிட்டது. விலங்கோடு ராமா வரை கொண்டுவரப்பட்ட எரேமியாவின் விலங்கைக் கழற்றிவிட்டு, பாபிலோன் தளபதி நேபுசராதான் சொல்கிறான்: என்னோடு பாபிலோனுக்கு வர இஷ்டமானால் வாரும், நான் பார்த்துக்கொள்கிறேன், இஷ்டமில்லாவிட்டால் இரும், தேசமெல்லாம் உமக்கு முன்பாக இருக்கிறது, நல்லதென்று காண்கிற இடத்துக்குப் போம். அதாவது வெளிநாடா, உள்ளூரா. இந்த இடத்தில் கர்த்தர் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். முதல் வசனத்தில் 'கர்த்தரால் உண்டான வசனம்' என்று தலைப்பு மாதிரி ஒரு வரி உண்டு, ஆனால் போ என்றோ இரு என்றோ ஒன்றும் இல்லை. புத்தகம் முழுக்க 'கர்த்தருடைய வார்த்தை உண்டாயிற்று' என்று வந்துகொண்டே இருக்கிற மனிதருக்கு, தன் சொந்த வாழ்க்கையின் பெரிய திருப்பத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வார்த்தையும் வந்ததாக எழுதப்படவில்லை. அவர் யோசித்து, பாபிலோன் நியமித்த அதிபதியாக மிஸ்பாவில் இருந்த கெதலியாவிடம் போய், மிச்சமிருந்த ஏழை ஜனங்களோடு தங்கினார். யாருக்கு அவர் தேவையோ அங்கே போனார் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்து நடந்தது என்ன? கெதலியாவைக் குத்திக் கொன்றார்கள், நாடு மறுபடி குழம்பியது, கடைசியில் எரேமியாவையே எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாபிலோனுக்குப் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் தப்பாக முடிவெடுத்தார் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. முடிவு சரியா தப்பா என்பதை அதற்குப் பிறகு வந்த கஷ்டத்தை வைத்து அளக்கிற பழக்கத்தை நாம் விட்டால் நல்லது. அப்போஸ்தலர் பவுல் துரோவா பட்டணத்தில் தரிசனம் கண்டு பிலிப்பிக்குப் போனார், போன இடத்தில் அடியும் சிறையும். அதே துரோவாவில் இன்னொரு தடவை கர்த்தரே கதவு திறந்திருந்தும், உடன் ஊழியர் தீத்துவைக் காணாமல் ஆவிக்கு அமைதி இல்லை என்று கிளம்பிவிட்டார், இரண்டு கொரிந்தியர் இரண்டாம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். 'திறந்த கதவு' சூத்திரமும் அவ்வளவு சுலபமாகப் பொருந்துவதில்லை.

அப்படியானால் ஜெபித்துக் கேட்பதில் பயனே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, கேளுங்கள். ஆனால் 42-ஆம் அதிகாரத்து ஆட்கள் மாதிரி கேட்காதீர்கள். கெதலியா இறந்த பிறகு மிச்சமிருந்தவர்கள் எகிப்துக்குப் போகப் பெத்லகேமுக்குப் பக்கத்தில் வந்து இறங்கிவிட்டு, எரேமியாவிடம், எங்களுக்காக விண்ணப்பம் பண்ணும், நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம் என்று சத்தியம் பண்ணினார்கள். பத்து நாள் கழித்துத்தான் பதில் வந்தது. இங்கேயே இருங்கள், பயப்படாதிருங்கள் என்று. உடனே நீ பொய் சொல்லுகிறாய் என்றார்கள். முடிவை எடுத்துவிட்டு முத்திரை வாங்க வந்தவர்கள் அவர்கள். ஓமன் சம்பளத்தை நீங்கள் ரியாலிலும் ரூபாயிலும் எழுதியிருக்கிறீர்கள், கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவை வாரம் இரண்டு தடவை யார் கூட்டிப்போவார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் நீங்கள் போக முடிவெடுத்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'போகாதே' என்று பதில் வந்தால் கேட்டுக்கொள்வீர்களா, 'போ' என்று வந்தால் குற்ற உணர்வில்லாமல் போவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மனது முரண்டு பிடித்தால், முதலில் அதைப் பற்றி ஜெபியுங்கள், ஓமனைப் பற்றி அப்புறம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அம்மாவிடம் பேசினீர்களா? ஊழியரிடம் கேட்டிருக்கிறீர்கள், முன்பின் தெரியாத என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், அம்மாவிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய சிறுநீரக டாக்டரிடமும், அடுத்த இரண்டு வருடத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று நேராகக் கேளுங்கள், தெரிந்துகொள்ளப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். வருமானம் நின்றுவிட்ட நிலையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் வருமா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறவர்களுக்கு டயாலிசிஸும் அதில் உண்டு. நீங்கள் போனாலும் இருந்தாலும் இது தேவைப்படும்.

ஓமன் பக்கம், ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். எரேமியா சாட்சி வைத்து வாங்கினார், நீங்கள் வாட்ஸாப்பில் வந்த ஒரு பக்கத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஏஜென்ட் மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு செய்தவரா என்று இமைகிரேட் தளத்தில் பெயரைப் போட்டால் தெரியும். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால், எவ்வளவு ஜெபித்துவிட்டுச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவசரம் என்றால் எத்தனை நாளில் ஊருக்கு வர முடியும், நடுவில் விட்டுவிட்டு வந்தால் என்ன பிடித்தம், இதை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்தத் தகவல் எல்லாம் வந்த பிறகும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், அம்மாவும் மனைவியும் நீங்களும் உட்கார்ந்து ஜெபித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எரேமியா மிஸ்பாவைத் தேர்ந்தெடுத்த மாதிரி. வழி இதுவே, இதிலே நடவுங்கள் என்கிற சத்தம் பின்னாலிருந்து கேட்கும் என்றுதான் ஏசாயாவில் இருக்கிறது, வலது பக்கமோ இடது பக்கமோ சாயும்போது. நடக்க ஆரம்பித்தவனுக்குத்தான் சாய்வது என்று ஒன்று உண்டு. தேவசித்தத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் உங்கள் எழுத்து முழுக்க இருக்கிறது. அதற்கு நான் காட்டுவது எகிப்தைத்தான். போகக்கூடாது என்று கர்த்தர் சொன்ன இடத்துக்கு மற்றவர்கள் எரேமியாவை இழுத்துக்கொண்டு போனார்கள், அங்கேயும் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு உண்டாயிற்று என்று 43-ஆம் அதிகாரம் சொல்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூட்டையை அவிழ்த்துவிடுங்கள். போனால் இரண்டு வருடம்தானே என்று நாளை எண்ணிக்கொண்டு கிடக்காமல், அங்கே ஒரு சபையைத் தேடிச் சேருங்கள், அந்த ஊருக்காகவும் ஜெபியுங்கள். இருந்தால் மூன்று மாதத்துக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், நாளைக்கே உங்கள் பழைய சப்ளையர்களுக்குப் போன் போடுங்கள். பம்ப் குவாலிட்டியில் கை தேர்ந்த ஆளுக்குக் கோவையில் தெரிந்தவர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்த ஊழியர் மறுபடி வந்தால் மரியாதையாக ஆமென் சொல்லிவிட்டு, ஓமன்காரர்களுக்குக் கொடுத்த தேதிக்குள் உங்கள் பதிலைக் கொடுத்துவிடுங்கள்.